தேவராஜ் அர்ஸ்: உழுதவருக்குக் கிடைத்ததும் கூலிக்குக் கிடைக்காததும்

(பெங்களூரு ஈஜிபுராவில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



தமிழர் கூட்டத்தில் கர்நாடகத்தின் முன்னாள் முதலமைச்சர் ஒருவரைப் பற்றி ஏன் பேச வேண்டும் என்று கேட்பீர்கள். இங்கே இருப்பவர்களில் பலருடைய தாத்தாவும் பாட்டியும் வட ஆர்க்காட்டிலிருந்தோ தருமபுரியிலிருந்தோ கட்டட வேலைக்கு வந்தவர்கள். நம்முடைய வாக்குச்சீட்டு இங்கே, ரேஷன் கார்டு இங்கே, பிள்ளைகளின் பள்ளிக்கூடம் இங்கே. ஆனால் அரசியல் பேச உட்கார்ந்தால் நம் பேச்சு காமராசர், அண்ணா, கலைஞர், எம்.ஜி.ஆர். என்று ஓசூரைத் தாண்டிப் போய்விடுகிறது. நாம் குடியிருக்கும் மாநிலத்தின் ஏழைகளுக்குச் சட்டம் எழுதியவர் யார், அந்தச் சட்டம் நம் தெருவரை வந்ததா, வராமல் போயிருந்தால் எந்த இடத்தில் நின்றது என்று நாம் கேட்டுக்கொண்டதில்லை. தேவராஜ் அர்ஸின் வாழ்க்கையையும் அவர்மீது எழுந்த சர்ச்சைகளையும் இந்தக் கேள்வியோடுதான் பார்க்கப் போகிறேன்.

1915 ஆகஸ்ட் 20 அன்று மைசூர் மாவட்டம் ஹுன்சூர் தாலுகா கல்லஹள்ளியில் பிறந்தார். மைசூர் அரச குடும்பத்தோடு உறவுள்ள அரசு என்னும் சாதி. பெயரில் அரசு இருந்தாலும் எண்ணிக்கையில் மிகச் சிறிய சாதி. தேர்தல் கணக்கில் அதற்கு இடமே கிடையாது. மைசூரிலும் பெங்களூரு சென்ட்ரல் காலேஜிலும் படித்தார். இளமையில் மல்யுத்தம் பழகியவர், பிறகு ஊருக்குத் திரும்பி விவசாயம் பார்த்தவர். 1952 முதல் ஹுன்சூர் மக்கள் அவரைத் தொடர்ந்து சட்டமன்றத்துக்கு அனுப்பினார்கள். அவருடைய தம்பி கெம்பராஜ் அர்ஸை நம் வீட்டுப் பெரியவர்கள் சிலர் அறிந்திருக்கலாம். 1950ல் கன்னடத்திலும் தமிழிலும் வந்த ‘ராஜ விக்ரமா’ படத்தை எடுத்தவர். அந்தத் தம்பியின் பெயர் பின்னால் ஒரு விசாரணையிலும் வரும்.

அவர் எழுந்த களம் எப்படிப்பட்டது என்று தெரிந்தால்தான் அவர் செய்ததன் கனம் புரியும். 1947 முதல் 1956 வரை பழைய மைசூரை ஆண்ட மூவர், கே.சி. ரெட்டி, கெங்கல் ஹனுமந்தையா, கடிதாள் மஞ்சப்பா, மூவரும் ஒக்கலிகர். மொழிவழி மாநிலம் அமைந்த 1956 முதல் 1971 வரை நிஜலிங்கப்பா, ஜத்தி, எஸ்.ஆர். கண்டி, வீரேந்திர பாட்டீல், நால்வரும் லிங்காயத்து. இருபத்து நான்கு ஆண்டுகள் முதலமைச்சர் நாற்காலி இரண்டு பெரிய சாதிகளை விட்டு வெளியே போகவில்லை. ஊரில் நிலமும் எண்ணிக்கையும் சேர்ந்த சாதியே ஊரை ஆளும் என்ற கருத்தை, ‘ஆதிக்கச் சாதி’ என்ற பெயரோடு, சமூகவியலாளர் எம்.என். ஸ்ரீநிவாஸ் உலகுக்குச் சொன்னாரே, அவர் ஆராய்ந்த கிராமம் மைசூர்ப் பக்கத்தில்தான் இருந்தது.

1969ல் காங்கிரஸ் உடைந்தபோது மாநிலத்தின் பெருந்தலைகள் நிஜலிங்கப்பாவோடு நின்றார்கள். அர்ஸ் இந்திரா காந்தியின் பக்கம் போனார். அன்று அது ஆளில்லாத பக்கம். 1971ல் வீரேந்திர பாட்டீல் அரசு கவிழ்ந்தது, குடியரசுத் தலைவர் ஆட்சி வந்தது, 1972 தேர்தலில் 216 இடங்களில் 165ஐக் காங்கிரஸ் பிடித்தது. மார்ச் 20 அன்று அர்ஸ் முதலமைச்சரானார். அந்தத் தேர்தலுக்கு அவர் பொறுக்கியெடுத்த வேட்பாளர்களில் சிறிய சாதிகளைச் சேர்ந்தவர்கள், தலித்துகள், முஸ்லிம்கள், அதுவரை யாரும் டிக்கெட் கொடுக்காத இளைஞர்கள் நிறைய இருந்தார்கள். மல்லிகார்ஜுன் கார்கே முதன்முறையாகச் சட்டமன்றம் வந்தது அந்தத் தேர்தலில்தான். வீரப்ப மொய்லியும் அப்படியே.

சொந்தச் சாதிக்கு ஓட்டு இல்லாத மனிதர் இல்லாதவர்களையெல்லாம் சேர்த்து ஒரு பெரும்பான்மையை உண்டாக்கினார். அவருக்கு அது பிழைப்பதற்கான வழியும்கூட என்பார்கள். இருக்கட்டும். பிழைப்பதற்கு எத்தனையோ வழிகள் இருந்தன; அவர் இந்த வழியைத் தேர்ந்தார்.

நிலச் சீர்திருத்தத்துக்கு வருகிறேன். கர்நாடக நிலச் சீர்திருத்தச் சட்டம் 1961லேயே வந்தது, 1965ல் நடைமுறைக்கும் வந்தது. ஆனால் நில உடைமையாளர்கள் சொந்தச் சாகுபடி என்று சொல்லிக் குத்தகைதாரரை வெளியேற்ற அதில் வழி இருந்தது. வழக்கு கோர்ட்டுக்குப் போனால் குத்தகைதாரரின் பேரன்தான் தீர்ப்பைக் கேட்பான். 1951ல் ஷிமோகா மாவட்டம் காகோடில் குத்தகை விவசாயிகள் நிலத்தில் இறங்கி உழுது கைதான போராட்டத்திலிருந்தே ‘உளுவவனே பூமிய ஒடெய’, உழுபவனே நிலத்துக்கு உடையவன் என்ற கோஷம் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. கோஷத்தைச் சட்டமாக்கியது அர்ஸ் கொண்டுவந்த திருத்தம். 1974 மார்ச் 1 அன்று, குத்தகையில் இருந்த நிலமெல்லாம் ஒரே நாளில் அரசின் வசமானது. உழுதவர் செய்ய வேண்டியது ஒன்றுதான்: படிவம் 7ஐ நிரப்பி, இந்த நிலத்தை நான் உழுகிறேன், என் பெயருக்குப் பதிந்து தாருங்கள் என்று விண்ணப்பிக்க வேண்டும்.

அந்த விண்ணப்பத்தை விசாரித்த இடத்தைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும். என் கணக்கில் அர்ஸின் பெரிய சாதனை அந்த இடம்தான்.

தாலுகா தோறும் ஒரு நியாய மண்டலி அமைத்தார்கள். நில நடுவர் மன்றம். தலைவராக உதவி ஆணையர்; கூடவே அரசு நியமித்த நான்கு பேர், அவர்களில் ஒருவராவது பட்டியல் சாதியையோ பழங்குடியையோ சேர்ந்தவராக இருக்க வேண்டும். வக்கீலுக்கு அனுமதி கிடையாது. நிலக்காரர் பெங்களூரிலிருந்து பெரிய வக்கீலைக் கூட்டிவந்தாலும் அவர் வராந்தாவோடு சரி. உள்ளே மேஜைக்கு இந்தப் பக்கம் நிலக்காரர், அந்தப் பக்கம் அவரிடம் குத்தகைக்கு உழுதவர், இருவரும் தங்கள் வாயால் பேச வேண்டும். பஹணி என்னும் நிலப் பதிவேட்டில் குத்தகைதாரர் பெயர் பெரும்பாலும் இருக்காது. குத்தகை வாய்ப்பேச்சாக நடந்தது, நெல் அளந்ததற்கு யார் ரசீது கொடுத்தார்கள்? அதனால் பக்கத்து நிலத்துக்காரரைக் கேட்பார்கள், ஊர்க்காரரைக் கேட்பார்கள், நேரில் போய்ப் பார்த்து மகஜர் எழுதுவார்கள். யார் விதைத்தது, மாடு யாருடையது, அறுவடைக்கு ஆள் கூட்டியது யார் என்று கேட்டு முடிவு சொல்வார்கள். மேல்முறையீடு கிடையாது, வேண்டுமானால் உயர் நீதிமன்றத்தில் ரிட் போடலாம். பட்டியல் சாதி உறுப்பினர் ஒருவர் நாற்காலியில் உட்கார்ந்து, நிலக்காரரைப் பார்த்துக் கேள்வி கேட்கும் காட்சியை அந்தத் தாலுகா அலுவலகங்கள் அதற்கு முன் கண்டதில்லை.

எட்டு லட்சத்துக்கும் மேற்பட்ட விண்ணப்பங்கள் வந்து குவிந்தன. விண்ணப்பிக்கும் கெடுவை நீட்டி நீட்டி 1979 ஜூன் 30 வரை கொண்டுபோனார்கள். தென் கன்னடம், வட கன்னடம், ஷிமோகா போன்ற, குத்தகை மிகுந்த மாவட்டங்களின் முகமே மாறியது. பங்கு அளந்துகொண்டிருந்த குடும்பங்கள் பட்டாதாரர்களாயின, அவர்களுடைய பிள்ளைகள் மங்களூர்க் கல்லூரிகளுக்குப் போனார்கள்.

குறைகளும் நேர்ந்தன. மண்டலியில் உறுப்பினரை நியமித்தது அரசு. ஆளுங்கட்சிக்காரர்கள் உட்கார்ந்த இடங்களில் தலையீடும் இருந்தது. ஐம்பது சென்ட்டைக் குத்தகைக்கு விட்டுப் பிழைத்த கைம்பெண்களும், விளக்கெரிக்க வேறு வருமானமில்லாத சிறிய கோயில்களும் நிலத்தை இழந்தன. பெரிய ஜமீனையும் விதவையின் வயலையும் ஒரே கோலால் அளந்தது சட்டத்தின் குறைதான். உச்சவரம்பும் தாராளமாகவே இருந்தது. ஐந்து பேர் குடும்பத்துக்குப் பத்து யூனிட்; தரம் குறைந்த மானாவாரி நிலமாக இருந்தால் 54 ஏக்கர் வரை வைத்துக்கொள்ளலாம். ஆகவே உபரி நிலம் பெரிதாகத் தேறவில்லை.

இதிலிருந்துதான் என் முக்கியமான வாதம் தொடங்குகிறது. இந்தச் சட்டம் குத்தகைதாரரைப் பார்த்தது. கூலிக்காரரைப் பார்க்கவில்லை. குத்தகைக்கு நிலம் எடுக்க ஏர் வேண்டும், மாடு வேண்டும், விதைநெல் வேண்டும். அது இருந்தவர்கள் பெரும்பாலும் நடுத்தரச் சாதிகள்; கடற்கரைப் பக்கம் பில்லவர், பண்ட், மலைநாட்டில் தீவரு. அதே வயலில் நாற்று நட்ட, அறுத்த, சுமந்த தலித்துக் கூலிகளிடம் படிவம் 7ல் எழுத எதுவும் இல்லை. அவர்கள் நிலத்தை உழுதார்கள், ஆனால் தங்கள் பொறுப்பில் உழவில்லை. கோலார், பெங்களூரு ஊரகம் போன்ற மானாவாரிப் பகுதிகளில் பதிவான குத்தகையே குறைவு. கேரளமும் மேற்கு வங்கமும்கூட இந்தச் சிக்கலைத் தாண்டிவிடவில்லை. கேரளத்தில் 1970 ஜனவரி 1 அன்று ஜன்மி முறை ஒழிந்தபோதும், வங்கத்தில் 1978ல் பர்காதாரர் என்னும் பங்குக் குத்தகைதாரர்களின் பதிவு தொடங்கியபோதும், முதலில் மேலேறியவர் குத்தகைதாரரே. ஏர் இல்லாத கூலியோ பஸ் ஏறிப் பட்டணத்துக்கு வந்தார். கோலார்ப் பக்கத்துக் கூலியும் திருப்பத்தூர்ப் பக்கத்துக் கூலியும் ஒரே கட்டடத்தில் சாந்துச் சட்டி தூக்கினார்கள். நம்முடைய ஈஜிபுரா அப்படி நிரம்பிய ஊர்.

பிற்படுத்தப்பட்டோர் பிரச்சினையிலும் அர்ஸ் ஆழமாகக் கை வைத்தார். 1972ல் எல்.ஜி. ஹாவனூர் தலைமையில் ஆணையம் அமைத்தார். 1975 நவம்பரில் அறிக்கை வந்தது. பிற்பட்ட சமூகங்களுக்கு 16 சதவீதம், பிற்பட்ட சாதிகளுக்கு 10, பிற்பட்ட பழங்குடிகளுக்கு 6 என்று பிரித்துப் பரிந்துரைத்தது. பட்டியலில் லிங்காயத்துகளைச் சேர்க்கவில்லை. சட்டமன்றத்துக்குள்ளேயே அந்த அறிக்கையைக் கிழித்தெறிந்தவர்கள் உண்டு. இருந்தும் 1977ல் மாற்றங்களோடு ஆணை பிறப்பித்தார். வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போய் 1985ல் வசந்த்குமார் வழக்காக முடிந்தது. ‘பிற்பட்டோரை மேலும் பிரித்துப் பார், பெரியவன் சின்னவனின் பங்கைத் தின்றுவிடுவான்’ என்ற ஞானம் மண்டல் ஆணையத்துக்கு முன்பே, பீகாரில் கர்ப்பூரி தாக்கூருக்கும் முன்பே, இந்த விதான சௌதாவில் உதித்தது. தமிழ்நாட்டில் மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்குத் தனி ஒதுக்கீடு 1989ல்தான் வந்தது என்பதை நாம் நினைவில் வைக்க வேண்டும்.

அர்ஸின் அமைச்சர் பி. பசவலிங்கப்பா, மனிதக் கழிவை மனிதர் தலையில் சுமக்கும் கொடுமையை மாநிலத்தில் நிறுத்த உத்தரவு போட்டவர். 1973 நவம்பரில் மைசூரில் பேசும்போது, கன்னட இலக்கியத்தில் பெரும்பகுதி பூசா, மாட்டுத் தவிடு என்று சொல்லிவிட்டார். ஊர் ஊராகக் கலவரம், தலித் மாணவர் விடுதிகள் மீது தாக்குதல். அர்ஸ் அவரைப் பதவி விலக வைத்தார். ஒரு தலித் அமைச்சரின் இலக்கியக் கருத்துக்காகத் தலித் மாணவர்கள் அடிபட்டபோது, தன் அமைச்சரைக் காப்பாற்றும் தெம்பு அர்ஸிடம் இல்லாமல் போனது. அடிபட்ட அந்தத் தலைமுறைதான் பி. கிருஷ்ணப்பாவோடு சேர்ந்து தலித் சங்கர்ஷ சமிதியைக் கட்டியது. பசவலிங்கப்பா பின்னர் அமைச்சரவைக்குத் திரும்பினார். தலித்துகளுக்கும் பழங்குடிகளுக்கும் அரசு கொடுத்த நிலத்தை வேறு யாரும் வாங்கிவிட முடியாதபடி காக்கும் பி.டி.சி.எல். சட்டம் 1978ல், அர்ஸ் ஆட்சியில்தான் வந்தது. இன்றும் பெங்களூரைச் சுற்றி நில வியாபாரிகள் அஞ்சுகிற சட்டம் அது.

காவிரியைப் பற்றிச் சொல்லாமல் தமிழர் மேடையிலிருந்து இறங்க முடியாது. 1924 ஒப்பந்தத்தின் ஐம்பதாண்டுக் கெடு 1974ல் வந்தது. ஒப்பந்தம் காலாவதியாகிவிட்டது என்றது கர்நாடகம். மறு ஆய்வுக்குத்தான் கெடு, ஒப்பந்தம் நிற்கிறது என்றது தமிழ்நாடு. மத்திய அரசின் ஒப்புதலுக்குக் காத்திராமல் ஹேமாவதி, கபினி, ஹாரங்கி அணைகளை மாநிலத்தின் சொந்தப் பணத்தில் கட்டினார்கள். தமிழ்நாடு 1971ல் உச்ச நீதிமன்றத்தில் தொடுத்த வழக்கு 1972ல் திரும்பப் பெறப்பட்டது. 1976 ஆகஸ்டில் உடன்பாடு என்று நாடாளுமன்றத்தில் ஜகஜீவன்ராம் அறிவித்தார், அது கையெழுத்தாகவில்லை. தஞ்சை விவசாயியின் கண்ணுக்கு அர்ஸ் அணைகட்டித் தடுத்தவர். மண்டியா, ஹாசன் விவசாயியின் கண்ணுக்கு நீர் கொண்டுவந்தவர். கீழ்ப்பகுதியின் உரிமையைக் கேளாமல் மேலே கட்டியது தவறு என்பதே என் கருத்து. பேச்சுவார்த்தை நடக்கும்போதே கட்டுமானம் முடிந்துவிட்டால் பிறகு பேசுவதற்கு என்ன மிஞ்சும்? 1991 காவிரிக் கலவரத்தில் இந்த ஊரில் நம்மவர்கள் வீடு வாசலை விட்டு ஓடியதற்கு அர்ஸ் பொறுப்பில்லை. ஆனால் பேசித் தீர்த்திருக்கக் கூடிய காலம் அவர் காலம். அந்தக் காலம் வீணாகப் போனது.

இனி நெருக்கடி நிலை. கர்நாடகத்தில் எமர்ஜென்சி மென்மையாக நடந்தது, அர்ஸ் பெருந்தன்மையாக நடந்துகொண்டார் என்று இப்போதும் எழுதுகிறார்கள். அத்வானி, வாஜ்பாய் போன்ற பெரிய தலைவர்களைப் பெங்களூரு மத்திய சிறையில் வைத்திருந்தபோது நடத்தை மரியாதையாக இருந்திருக்கலாம். அதே சிறையில்தான் ஸ்நேகலதா ரெட்டி இருந்தார். ‘சம்ஸ்காரா’ படத்தில் சந்திரியாக நடித்தவர், சென்னையில் மெட்ராஸ் பிளேயர்ஸ் நாடகக் குழுவைத் தொடங்கியவர்களில் ஒருவர். ஜார்ஜ் பெர்னாண்டஸின் நண்பர் என்பதற்காக 1976 மே மாதம் பிடித்துப் போனார்கள். கடுமையான ஆஸ்துமா. தனி அறை, முறையான மருத்துவம் இல்லை. 1977 ஜனவரி 15 அன்று பரோலில் விட்டார்கள். ஜனவரி 20 அன்று இறந்துபோனார். ஜார்ஜின் தம்பி லாரன்ஸைப் பெங்களூர்ப் போலீஸ் அடித்து உடலை முறித்ததும் அதே மே மாதத்தில்.

கைது உத்தரவு டெல்லியிலிருந்து வந்தது என்று அர்ஸுக்காகப் பேசுகிறவர்கள் சொல்வார்கள். சிறை மாநில அரசின் துறை, போலீஸ் மாநில அரசின் துறை. மூச்சுத் திணறும் ஒரு கைதிக்கு மருத்துவரை அனுப்ப டெல்லியின் அனுமதி தேவையில்லை. உழுதவனுக்கு நிலம் கொடுத்த கையெழுத்தும் இந்தச் சிறையின் பொறுப்பும் ஒரே மனிதருடையவை. ஒன்றைக் காட்டி மற்றதை மறைக்க நான் ஒப்பமாட்டேன். அந்தச் சிறை இருந்த இடம் இப்போது ஃப்ரீடம் பார்க். சம்பள உயர்வு கேட்டுப் பௌரகார்மிகர்கள் என்னும் துப்புரவுத் தொழிலாளர்கள், அங்கன்வாடிப் பெண்கள் போய் உட்காரும் இடம். நம் பகுதிப் பெண்களும் அங்கே போயிருப்பார்கள்.

1977 மக்களவைத் தேர்தலில் வடக்கே காங்கிரஸ் துடைத்தெறியப்பட்டபோது கர்நாடகத்தில் 28ல் 26 இடங்களை அர்ஸ் வென்று கொடுத்தார். ஜனதா அரசு அவரை விட்டுவைக்குமா? மே மாதம் 23 அன்று, பணிமூப்பில் தாண்டப்பட்டதால் 1973ல் உச்ச நீதிமன்றத்திலிருந்து விலகிய நீதிபதி குரோவர் தலைமையில் விசாரணை ஆணையம் அமைத்தது. அதற்கு ஐந்து நாள் முன்னதாகவே அர்ஸ் அரசு தன் சார்பில் மீர் இக்பால் ஹுசேன் ஆணையத்தை அமைத்து, ஏற்கெனவே விசாரணை நடக்கிறதே என்று முட்டுக்கட்டை போடப் பார்த்தது. மாநில அமைச்சர்களை விசாரிக்க மத்திய அரசுக்கு அதிகாரமில்லை என்று கர்நாடகம் உச்ச நீதிமன்றம் போனது. ஏழு நீதிபதிகள் அமர்வு, நவம்பரில் தீர்ப்பு, பெரும்பான்மை மத்திய அரசின் பக்கம். மாறுபட்டு எழுதியவர் தமிழ்நாட்டிலிருந்து சென்ற நீதிபதி பி.எஸ். கைலாசம். முந்தைய ஆண்டில் கலைஞர் அரசின் மீது சர்க்காரியா ஆணையம் வந்ததைக் கண்ட நமக்கு இந்தக் கதை பழக்கமானதுதான்.

நோக்கம் அரசியல் என்பதில் எனக்கு ஐயமில்லை. அதற்காகக் குற்றச்சாட்டே பொய் என்று ஆகிவிடாது. குரோவர் ஆணையம் பலவற்றைத் தள்ளியது, சிலவற்றை நிரூபணமானவை என்றது. உறவினர்களுக்குக் காட்டிய சலுகை அவற்றில் முக்கியம். தம்பி கெம்பராஜுக்கு அரசுத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்தில் கொடுத்த பதவியும் அந்த விசாரணைக்குள் வந்தது. சாதிபலமும் நிலபலமும் இல்லாத தலைவர் கட்சி நடத்தப் பணத்துக்கு எங்கே போவார் என்று ஆய்வாளர்கள் அவருக்காகக் காரணம் சொல்வதுண்டு. பணம் அவர் கையில் சேர்ந்தது, அவர் கையிலிருந்து எம்.எல்.ஏ.க்களுக்குப் போனது, அதனால் பெரிய சாதித் தலைவர்களிடம் கையேந்தாமல் ஆட்சி நடந்தது. விளக்கமாக இதை ஏற்கிறேன். மன்னிப்பாக ஏற்க முடியாது. ஏழைக்காகத்தான் வாங்கினேன் என்பவர் வாங்கிய இடத்துக்கும் கடன்பட்டவராகிறார். சாராயக் காண்டிராக்டரிடமும் கட்டடக் காண்டிராக்டரிடமும் பட்ட கடனை மாநிலம் பின்னால் வட்டியோடு கட்டியது.

1977 டிசம்பர் கடைசி நாளில் ஆட்சி கலைந்தது. 1978 பிப்ரவரித் தேர்தலில் 224ல் 149 இடங்களோடு திரும்பி வந்தார். நிலம் பெற்றவர்கள் நன்றி மறக்கவில்லை. அந்த நவம்பரில் சிக்மகளூர் இடைத்தேர்தலில் இந்திரா காந்தியை நிறுத்தி, வீரேந்திர பாட்டீலைத் தோற்கடித்து, இந்திராவுக்கு மறுவாழ்வு கொடுத்ததும் அர்ஸ்தான்.

ஏழு மாதம் கழிந்து 1979 ஜூனில் அதே இந்திரா அவரைக் கட்சியிலிருந்து நீக்கினார். மாநிலக் கட்சித் தலைவர் பதவியையும் முதலமைச்சர் பதவியையும் ஒருவரே வைத்துக்கொள்ளலாமா என்று தொடங்கிய சண்டை. அடியில் இருந்தது, சஞ்சய் காந்தி வட்டத்துக்கு அர்ஸ் பணியாதது. அர்ஸ் தனிக் காங்கிரஸ் கண்டார். 1980 ஜனவரி மக்களவைத் தேர்தலில் இந்திராவின் கட்சி 28ல் 27ஐ அள்ளியது. அர்ஸுக்கு ஒன்றுகூட இல்லை. அவர் டிக்கெட் கொடுத்து, அவர் செலவு பார்த்து வளர்த்த சட்டமன்ற உறுப்பினர்கள் கூட்டம் கூட்டமாக அணி மாறினார்கள். ஜனவரி 12ல் குண்டுராவ் முதலமைச்சர். கர்நாடக கிராந்தி ரங்கா என்று ஒரு கட்சியைத் தொடங்கி, 1982 ஜூன் 6 அன்று அர்ஸ் காலமானார். ஏழு மாதத்தில், 1983 ஜனவரியில், அந்தக் கிராந்தி ரங்காவும் ஜனதாவும் சேர்ந்து காங்கிரஸை இந்த மாநிலத்தில் முதன்முறையாகத் தோற்கடித்தன.

ஏன் அப்படி விழுந்தார்? அவர் ஆட்களை உருவாக்கினார், அமைப்பை உருவாக்கவில்லை. எட்டு லட்சம் பேர் படிவம் 7 கொடுத்தார்களே, அவர்களைச் சேர்த்து ஒரு சங்கம் கட்ட அவருக்குத் தோன்றவில்லை. நிலம் வாங்கியவர்கள் நில உடைமையாளர்களாகி, 1980க்குப் பிறகு கரும்பு விலைக்கும் கடன் தள்ளுபடிக்கும் விவசாயிகள் சங்கத்தில் திரண்டார்கள். விவசாயி அல்லாதவரும் பெரும் வருமானக்காரரும் விளைநிலம் வாங்கக் கூடாது என்று அர்ஸ் சேர்த்த 79-ஏ, 79-பி பிரிவுகளை 2020ல் நீக்கியபோது தெருவுக்கு வந்தவர்கள் இருந்தார்கள். அரசை நிறுத்தும் அளவுக்கு அவர்கள் எண்ணிக்கை இல்லை.

நம் ஊருக்கு வருகிறேன். கர்நாடகக் குடிசைப் பகுதிச் சட்டம் 1973ல் வந்தது. குடிசை மாற்று வாரியம் 1975ல் வந்தது. பெங்களூரு வளர்ச்சி ஆணையமாகிய பி.டி.ஏ.வுக்கான சட்டம் 1976ல். மாநில மின்னணு வளர்ச்சிக் கழகமான கியோனிக்ஸ் அதே 1976ல், ஆர்.கே. பாலிகா கனவு கண்டு ஓசூர் சாலையில் 332 ஏக்கரில் எலெக்ட்ரானிக் சிட்டி எழுந்தது அதன் வழியே. நான்கும் அர்ஸ் காலத்தவை. கோரமங்களா மனைகள், அவற்றில் வந்து குடியேறியவர்கள், அவர்கள் வீட்டில் பாத்திரம் கழுவ ஈஜிபுராவிலிருந்து காலை ஆறு மணிக்கு நடந்துபோகும் பெண்கள் என்று இன்றைய நம் வாழ்க்கையின் சட்டகத்தை அந்த நான்கு ஆண்டுகள் போட்டுவிட்டன.

ஆனால் கிராமத்துக்குக் கொடுத்ததைப் பட்டணத்துக்கு அவர் கொடுக்கவில்லை. 1978ல் நிலச் சீர்திருத்தச் சட்டத்தின் 38ஆம் பிரிவைத் திருத்தினார்கள். கிராமத்தில் ஒரு விவசாயக் கூலி தனக்குச் சொந்தமில்லாத நிலத்தில் வீடு கட்டிக் குடியிருந்தால், அந்த வீடும் மனையும் அவருக்கே சொந்தமாகப் பதியப்படும் என்றது அது. நிலச் சட்டத்தில் கூலிக்காரரை நேருக்கு நேராகப் பார்த்த பிரிவு. அது கிராமத்தோடு நின்றது. பெங்களூருக் குடிசைவாசிக்குக் கிடைத்தது குடிசைப் பகுதி என்ற அறிவிப்பு. ஹக்குப் பத்திரம் என்னும் உரிமைப் பத்திரம் எப்போதாவது, யாருக்காவது. படிவம் 7 போல, இங்கே நான் குடியிருக்கிறேன், என் பெயருக்குப் பதி என்று கேட்க ஒரு படிவமும், அதை விசாரிக்க நம்மவர் ஒருவர் உட்கார்ந்த மேஜையும் பட்டணத்தில் வரவே இல்லை.

விளைவை ஈஜிபுரா கண்டது. பொருளாதாரத்தில் நலிந்தோருக்கு மாநகராட்சி இங்கே கட்டிய சுமார் 1,500 குவார்ட்டர்ஸ் வீடுகள் தரமில்லாமல் சில ஆண்டுகளில் விரிசல் விட்டன, ஒரு பகுதி இடிந்தும் விழுந்தது. 2013 ஜனவரியில் புல்டோசர் வந்து மீதியையும் தரைமட்டமாக்கியது. யார் உண்மையான பயனாளி, யார் வாடகைக்கு வந்தவர் என்ற கணக்கை வைத்து அதிகாரிகள் வாதிட்டார்கள். பாத்திரம் பண்டத்தோடு மக்கள் மாதக்கணக்கில் நடைபாதையில் இருந்தார்கள். கூட்டத்தில் அதைக் கண்ணால் பார்த்தவர்கள் பலர் இருக்கிறீர்கள், நான் விரித்துச் சொல்லத் தேவையில்லை. யார் எத்தனை ஆண்டாகக் குடியிருக்கிறார்கள் என்பதைப் பக்கத்து வீட்டுக்காரரை உட்கார வைத்துக் கேட்டு, எழுதி, முடிவு சொல்லும் மண்டலி ஒன்று இருந்திருந்தால் அந்த வாதத்துக்கே இடமிருந்திருக்காது. யார் விதைத்தது, மாடு யாருடையது என்று கேட்டுக் கண்டுபிடித்த அரசுக்கு, இந்த வீட்டில் அடுப்பெரித்தது யார் என்று கண்டுபிடிப்பது பெரிய காரியமில்லை.

38ஆம் பிரிவை நீட்டவே முடியாது என்று யாரும் சொல்ல வேண்டாம். லம்பாணித் தாண்டாக்கள், ஹட்டிகள் போன்ற பதிவேட்டில் இல்லாத குடியிருப்புகளுக்காக 38-ஏ என்று புதிய பிரிவைப் பின்னாளில் சேர்த்தார்கள். 2023 ஜனவரியில் கல்புர்கிப் பக்கத்தில் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட லம்பாணிக் குடும்பங்களுக்கு ஹக்குப் பத்திரம் கிடைத்தது. ஒரு கட்சி தொடங்கியதை இன்னொரு கட்சி முடித்துக் கொடுத்தது. மக்கள் சங்கமாக நின்று ஆண்டுக்கணக்கில் கேட்டார்கள், அதனால் நடந்தது.

ஈஜிபுராத் தமிழர்களிடமும், நம்மோடு இதே சந்துகளில் குடியிருக்கும் கன்னடர், தெலுங்கர், உருது பேசும் சகோதரர்களிடமும் என் வேண்டுகோள் இது. அடுத்த தேர்தலில் ஓட்டுக் கேட்டு வருகிறவரிடம் சாக்கடை, தண்ணீர், மேம்பாலம் எல்லாம் கேளுங்கள், கேட்கத்தான் வேண்டும். கூடவே, நகரத்துக் குடியிருப்போருக்கு நியாய மண்டலி வேண்டும், வக்கீல் இல்லாமல் நாங்களே பேச வேண்டும், உறுப்பினரில் ஒருவர் எங்கள் தெருக்காரராக இருக்க வேண்டும் என்று எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். அதற்கு முன்னால் இன்றிரவே வீட்டில் உள்ள பழைய ரேஷன் கார்டு, மின்கட்டண ரசீது, பிள்ளையின் பள்ளிச் சான்றிதழ், குடிசைப் பகுதி அடையாள அட்டை எல்லாவற்றையும் ஒரு பையில் சேர்த்து வையுங்கள். அந்த மண்டலி வரும் நாளில் முதலில் கேட்கப்படுவது அவைதாம்.